மூன்றாவது குமிழ்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டிக்கொண்டிருந்தவன்
கடன் அடைக்க விற்ற மெஷின் இது.
முகப்பில் எழுத்தில்லை, எண்கள் மட்டும் மிச்சம்.
முதல் குமிழில் பதினெட்டுக்கும் இருபதுக்கும் நடுவே
பெயிண்ட் போய்த் தகரம் தெரிகிறது.
அவன் குடியிருந்த இடம் அது.

எனக்கு ராடு வெல்டிங்தான் கை.
கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் என் கேட் திறந்து மூடுகிறது.
ஆனால் புதுவயல் மில்லில் நெல் இறங்கும் சூட்டுக்கு
அடித்தகடு ஓட்டை; இரண்டு மில்லி கனம்.
ராடு தொட்டால் ஆப்பச்சட்டி அகலத்துக்குத் திறந்துகொள்ளும்.
"வயர் மெஷின் வாங்கியிருக்கீகளாம்ல, அதக் கொண்டாங்க"
என்றார் மேஸ்திரி காத்தப்பன்.
ஓட்டத் தெரியுமா என்று அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

ராத்திரி பத்துக்கு எலிவேட்டரை நிறுத்தினார்கள்.
விடிய ஐந்துக்கு நெல் கொட்டியாக வேண்டும்.

டார்ச்சை மாட்டினேன். சிலிண்டரைத் திறந்தேன்.
எர்த் கவ்வியை ஜபருல்லா துருவின் மேல் கடிக்கவிட்டிருந்தான்;
கிரைண்டர் வைத்து ஒரு ரூபாய் அகலத்துக்குத்
தகட்டின் முகத்தைக் கழுவி, அங்கே மாட்டினோம்.
பொத்தானை அழுத்தினேன்.

கடுகு வெடித்தது.
சட்டை, புருவம், ஜபருல்லாவின் செருப்பு, எங்கும் பொறி.
தகட்டின் மேல் மண்புழு போல ஒரு கோடு,
உள்ளே இறங்காமல்.
விரலை எடுத்தேன், கம்பி நிற்கவில்லை.
எடுத்த பிறகும் வந்துகொண்டே இருந்தது,
கூப்பிடாமல் வந்த சம்பந்தி மாதிரி.
பயந்து இன்னொரு தடவை அழுத்தினேன்; நின்றது.
அப்போதுதான் சுவிட்சைப் பார்த்தேன்:
அது நான்கில் இருக்கிறது.
தொட்டு விட்டால் ஓடும், மறுபடி தொட்டால் நிற்கும்.
நீளத் தையல் போடுகிறவனின் வசதி.
இரண்டுக்குத் தள்ளினேன்.

கடுகு நிற்கவில்லை.
வோல்ட்டைக் கூட்டினேன், குறைத்தேன். கம்பியை விரட்டினேன்.
மணி பன்னிரண்டு.
"உமையாக்கா, ராடுலயே முடிச்சிருவோமா?"

பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன்.
ரோலரின் பள்ளத்தில் பொடிப் பொடியாகப் பல்.
வழவழப்பான கம்பிக்கு எதற்குப் பல்?
பல் வேண்டியது மருந்து உள்ளே வைத்த கம்பிக்கு.
மருந்துக் கம்பி கேஸ் கேட்காது,
காற்றடிக்கும் ரோட்டோரத்திலும் எரியும்.
அப்படியென்றால் அவன் வெட்டவெளியில் வேலை செய்தவன்.
அப்படியென்றால்,
கம்பிச் சுருளுக்குப் பின்னால் குனிந்தேன்.
இரண்டு போல்ட். ஒன்றில் கூட்டல், ஒன்றில் கழித்தல்.
டார்ச்சின் பட்டை கழித்தலில் இருந்தது.
அவனுக்கு அது சரி.
எனக்குத் தலைகீழ்.

மெயினை அணைத்துவிட்டு இரண்டையும் மாற்றினேன்.
ரோலரைத் திருப்பிப் போட்டால் மறுபக்கம்
பல்லில்லாத பள்ளம், என் கம்பிக்குச் சரியாக.
புதிது வாங்க மதுரைக்குப் போன் செய்வதாக இருந்தேன்.

பொத்தான்.
எண்ணெயில் வெள்ளைப் பணியாரம் விழுந்ததும்
ஓரமெல்லாம் சேர்ந்து ஒரே சுதியில் பொரியுமே, அது.
ஜபருல்லா ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கப் போனான்.

நெல் ஐந்து இருபதுக்கு இறங்கியது.
காத்தப்பன் கைப்பேசி வெளிச்சத்தில் தையலைப் பார்த்து
"ஒழுகாதுல்ல?" என்றார், அவ்வளவுதான்.

மார்க்கர் எடுத்து முகப்பில் எழுதினேன்.
வோல்ட் குமிழுக்கு: அகலம்.
கம்பி வேகத்துக்கு: ஆழம்.
மூன்றாவதைத் திருகினால் சத்தம் கொஞ்சம் மெத்தென்று ஆகிறது,
குழம்பு மெதுவாக உறைகிறது, ஏனென்று தெரியவில்லை.
அதற்கு ஒரு கேள்விக்குறி போட்டேன்.

கை கழுவிவிட்டு வந்தால்
ஜபருல்லா அதைத் திருகிக்கொண்டிருக்கிறான்.
எந்த எண்ணில் வைத்திருந்தேன் என்று
நான் குறிக்கவில்லை.